விளக்குப் பெட்டிக்கு வைத்த பொட்டு

கங்கம்மாபேட்டை,
கும்மிடிப்பூண்டி வழி,
26.10.2007

அன்பு மகன் எழிலரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் நைனாவும் நானும் நாலு கோழிகளும் சுகம், துபாய் வெயிலில் நீ கருகாமல் இருக்கிறாயா என்று பார்த்து எழுது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் சித்தி செல்வி போனில் சொல்லிச் சிரிக்கத்தான் போகிறாள். நம் தெருவிளக்கு எல்லாம் பட்டப்பகலில் எரிந்தது, அது என் கைங்கரியம்.

பஞ்சாயத்தில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி மாட்டினார்கள் என்று சொன்னேனே, அதன் தலையில் கண்ணாடிக் கண் ஒன்று இருக்கும், இருட்டினால் அதுவே விளக்கைப் போடும், விடிந்தால் அதுவே அணைக்கும். இத்தனை வருஷமாக சைக்கிளில் சுற்றி சுவிட்சு போட்டவர் உன் நைனா, அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. என்னை ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்க தாயாரு, அப்பால உன் மூஞ்சியையே பாத்துக்கினு குந்தணும் என்று ஒரே புலம்பல். என் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல் என்றேன், அதற்கும் சிரிக்கவில்லை, அப்போதுதான் எனக்கே பயம் வந்தது. ஆயுதபூஜை அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் சைக்கிள், அருவாமனை, மிக்சி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்தப் பெட்டியும் வேலை செய்கிற சாமான்தானே, கோபம் இருந்தாலும் விடலாமா என்று ஏணி போட்டு ஏறி அதற்கும் வைத்தேன். நெற்றி எது என்று தெரியாமல் கண்ணிலேயே அப்பிவிட்டேன். மறுநாள் விடிந்தும் விளக்கு அணையவில்லை. தலைவர் ஆதிகேசவன் வந்து, இன்னா துலுக்காணம், வேல போவுதுன்னு மிஷினை எதுனா பண்ணிட்டியா என்று நடுத்தெருவில் கேட்டுவிட்டார். உன் நைனா முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை, அவரு இல்லீங்க, நான்தான் பொட்டு வெச்சேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது ஊர் சிரித்த சிரிப்பு ஆரம்பாக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மெட்ராசிலிருந்து வந்த கம்பெனிக்காரர் கண்ணை விரலால் வழித்தார், விளக்கு அணைந்தது. விரலில் சந்தனத்தோடு கரியும் ஒட்டியிருந்தது. பக்கத்து ஆலைகளில் இரும்பு உருக்குகிற புகை இங்கே படிந்துகொண்டே இருக்கும், பொட்டு வைக்காவிட்டாலும் கண் மறைந்துவிடும், தினமும் துடைக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவர் தலைவரிடம் சொன்னார். அப்ப எல்லாத் தெருவையும் துலுக்காணமே பாத்துக்கட்டும், அவன் பொண்டாட்டிய மட்டும் ஏணி கிட்ட விடாதீங்க என்றார் தலைவர். வேலை நிலைத்துவிட்டது எழில். அன்றைக்கு உன் நைனா கருவாட்டுக் குழம்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், எனக்குச் சட்டிதான் மிச்சம். நைனா வேலை போகப்போகிறது என்றதும் போட்டதைப் போட்டபடி விட்டு வருகிறேன் என்றாயே, வேண்டாம், பொங்கலுக்கு நிதானமாக வா. தண்ணீர் நிறையக் குடி, அம்மா புத்திதானே உனக்கும், அங்கே எந்தப் பெட்டிக்கும் பொட்டு வைக்காதே. எட்டியம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருப்பாள்.

உன் அம்மா,
தாயாரம்மாள்

ஒன்று விட்டுப்போயிற்று. இப்போது மத்தியானம், வெயில் கொளுத்துகிறது. தெருவிளக்கு எல்லாம் எரிகிறது. காலையில் ஏணி ஏறிப் பெட்டியின் கண்ணைத் துடைத்துவிட்டு வந்த உன் நைனா, தோளில் இருந்த துண்டை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்.