கழுத்தில் இருந்த முள்

என்னங்க,

சமையலறை ஜன்னலைத் திறக்காதீங்க. வெளியே கதண்டு கூடு கட்டியிருக்கு. ஒவ்வொரு குளவியும் கட்டைவிரல் தண்டி இருக்கு! கூடு எடுக்கிறவர் சாயங்காலம் வருவார். சாவியை எதிர்வீட்டு அக்காகிட்ட கொடுத்துட்டுப் போங்க. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.

நேத்து தேன்பண்ணையில அந்த முரட்டுத் தேனீ உங்க கழுத்துல கொட்டினதும், புதுசா வேலைக்குச் சேர்ந்தவ நகத்தால முள்ளை எடுத்தாளாமே? “வலிக்கவே இல்ல, அவ்வளவு பக்குவமா எடுத்தா”ன்னு சாப்பிடும்போது எத்தனை தடவை சொன்னீங்க!

கதண்டு எத்தனை தடவை கொட்டினாலும் முள்ளை விட்டுட்டுப் போகாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. என்னைக் கேட்டா, தேனீக்குக் கதண்டே தேவலை.

பி.கு.: இன்னிக்கும் தேனீ கொட்டினா, முள்ளோட நேரா வீட்டுக்கு வாங்க. எனக்கும் நகம் இருக்கு.