பக்கத்தில் பக்கத்தில் ஓடிய இரண்டு படங்கள்

விசில் ஊதியே தெருவை எழுப்பிய என் அண்ணா,

வரிச்சிக்குடி மைதானத்தில் நீ பயிற்சி கொடுத்த பெண்பிள்ளைகள் இன்னும் கபடி ஆடுகிறார்கள். பயிற்சி நடுவே நீ விழுந்தாயே, அந்த இடத்தை மட்டும் யாரும் மிதிப்பதில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே சுற்றிக்கொண்டு போகிறார்கள். மாரடைப்பு என்றார்கள். நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் வருவதுதான் என்று நாங்களும் நம்பிவிட்டோம். அழுதோம், காரியம் செய்தோம், அவ்வளவுதான்.

நீ போன பிறகு ஆட்டங்களைப் படம் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. "அத்தை, அப்பா எடுக்குற மாதிரி நீங்க செல்லுல எடுங்க. எங்க தப்புப் பண்றோம்னு எங்களுக்கே தெரியமாட்டேங்குது" என்று உன் மகள் யாழினிதான் கேட்டாள். காலேஜ் ஆபீஸில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவளுக்குக் கபடியைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் அவள் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? நீ எடுத்து வைத்திருந்த பழைய படங்களையும் உன் செல்லோடு சேர்த்து அண்ணி என்னிடம் கொடுத்துவிட்டார்.

படம் எடுப்பது சுலபம். அதைப் பிரித்துப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் தேடினேன் பார், அதுதான் பெரும்பாடு. செல்லில் இருந்த ஒன்று, கேட்காமலே பாட்டுப் போட்டது. பிடிபட்டு விழுகிற பிள்ளையின் மேல் நட்சத்திரம் தூவியது. சினிமாக்காரர்கள் வைத்திருப்பதையே இலவசமாகத் தருகிறார்கள் என்று இன்னொன்றை இறக்கினேன். திறந்ததும் என் லேப்டாப் தோசைக்கல்லாகக் காய்ந்தது, படம் அப்படியே உறைந்து நின்றது. இந்த மினுக்கலெல்லாம் எனக்கு எதற்கு அண்ணா? படத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். ஆடுகிறவளின் காலடியில் ஒரு கோடு இழுக்க வேண்டும். இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட வேண்டும்.

கடைசியில், விளையாட்டுக்கென்றே யாரோ செய்து வைத்த ஒன்று கிடைத்தது. சாம்பல் நிறத் திரை, அழகென்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நான் கேட்டதையெல்லாம் செய்தது. வேறு எதையாவது எடுத்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேனோ என்று சில நாள் தோன்றும். அந்த நிம்மதிக்கு என்ன விலை கொடுத்திருப்போம் என்று நினைத்ததும் அந்த ஆசையே விட்டுப்போகும்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பாதியில் யாழினி கபடி பாடிப் போனால் எதிரணியில் ஆள் மிஞ்சுவதில்லை. இரண்டாம் பாதியில் சும்மா சும்மா பிடிபடுகிறாள். பயப்படுகிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். கால் எங்கோ தப்பாக விழுகிறது என்று நான் நினைத்தேன். போலகம் அணியோடு ஆடிய ஆட்டத்தின் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடு இழுத்து, மெதுவாக ஓடவிட்டேன்.

காலில் தப்பே இல்லை. கைதான்.

நடுக்கோட்டுக்குத் திரும்புகிற நேரத்தில் அவள் இடது கை நெஞ்சுப் பக்கத்து ஜெர்சியைக் கசக்கிப் பிடிக்கிறது. கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்து, மறுபடி ஓடுகிறாள். அந்தத் தயக்கத்தில்தான் பிடிபடுகிறாள். காரைக்கால்மேட்டில் மணலில் ஆடிய ஆட்டத்தைத் திறந்தேன். அதிலும் அதே கை.

அந்தக் கையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. உன் பழைய படங்களைத் தேடினேன். ஒன்றில் நீயே பாடிப் போய்க் காட்டுகிறாய். திரும்பி வந்து, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, சட்டையைக் கசக்கிப் பிடிக்கிறாய். பிறகு ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிகிறாய். ஒரு பாதித் திரையில் நீ, மறுபாதியில் உன் மகள். இரண்டு பேரையும் ஒன்றாக ஓடவிட்டேன்.

உனக்குத் தெரிந்திருந்ததா அண்ணா? அந்தக் கயிறு அவிழவே இல்லையே.

யாழினியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "மூச்சு வாங்குது அத்தை, அவ்ளோதான். கபடின்னா மூச்சு வாங்காதா?" என்றாள். நான் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "சில சமயம் கண்ணு இருட்டிட்டு வரும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ஆடவிட மாட்டாங்க" என்றாள்.

சொல்லாமல் இருக்க முடியுமா? நேரே அடுப்படிக்குப் போனேன். அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, செலக்‌ஷனுக்கு அனுப்பாதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம்."

"அவங்க போயி இன்னும் வருஷம் திரும்பல கலா. அதுக்குள்ள என் புள்ளைக்கும் நாள் குறிக்கிறியா நீ?"

லேப்டாப்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "திரும்பப் போடு" என்றார். போட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மாடிப்படி ஏறுறப்பவும் இப்படித்தான் நிப்பாங்க. சட்டையைப் புடிச்சிக்கிட்டு. கேட்டா, வேர்க்குதுடின்னு சிரிப்பாங்க." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாசற்படியில் நின்று யாழினி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "ஞாயித்துக்கிழமை இந்த ஒரு ஆட்டம் மட்டும் ஆடிட்டு வந்துர்றேம்மா. அப்புறம் எங்க கூப்புட்டாலும் வர்றேன்."

"உங்கப்பாவும் ஒரு ஆட்டம்னுதான் அன்னிக்குப் போனாங்க" என்றார் அண்ணி.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

காரைக்கால் டாக்டர் அவள் நெஞ்சில் வைத்த குழாயை வெகுநேரம் எடுக்கவே இல்லை. "வீட்ல சின்ன வயசுல யாராவது திடீர்னு போயிருக்காங்களா?" என்று கேட்டார். அண்ணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் சுவர் இருக்க வேண்டியதை விடத் தடித்திருக்கிறதாம். தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் வருகிறதாம். ஓடுகிற ஓட்டத்திலேயே, ஒரு வார்த்தை சொல்லாமல், இதயம் நின்றுவிடக்கூடுமாம். "நல்லவேளை, கூட்டிட்டு வந்தீங்க. இனிமே கபடி கூடாது" என்றார் அந்த டாக்டரம்மா.

செலக்‌ஷன் அன்றைக்கு மற்ற பிள்ளைகள் வேனில் போனார்கள். நம் வீட்டு வாசலில் வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. யாழினி மாத்திரை சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். என்னோடு மட்டும் பேசுவதில்லை. நான் உள்ளே நுழைந்தால் அவள் அறைக்கதவு அடித்துச் சாத்திக்கொள்கிறது. சாத்தட்டும். சாத்துவதற்கு அவள் இருக்கிறாளே.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: "அவங்க அப்பா வழியில ரத்த சொந்தம் எத்தனை பேர் இருக்கீங்களோ, எல்லாரும் வந்து பார்த்துக்குங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் நம் அப்பாதான் நினைவில் வந்தார். நடவு நாளில் வரப்பில் ஓடியவர் அப்படியே குப்புற விழுந்தார். பாம்பு தீண்டிவிட்டது என்றார்கள். கடிவாயை யாராவது பார்த்தார்களா அண்ணா? உனக்கு ஏதாவது நினைவிருக்கிறதா? அம்மா கடைசிவரை, "ஒடம்புல ஒரு கீறல் இல்லடி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாம்தான் காதில் வாங்கவில்லை.

இப்போதெல்லாம் ஆபீஸ் மாடி ஏறும்போது பாதியில் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பயத்தாலா, வேறு ஏதாவதா? தெரியவில்லை.

என் மகன் கதிர் ஃபுட்பாலில் சேர்ந்திருக்கிறான். இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், அவன் ஓடுவதையும் ஆசையாகப் படம் எடுத்தேன். அது லேப்டாப்பில்தான் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. கை போகிறது, திரும்பி வந்துவிடுகிறது. "ஏம்மா என்னைய மட்டும் போட்டுக் காட்ட மாட்டேங்குற?" என்று தினமும் கேட்கிறான்.

நாளைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறுகிறேன். எனக்கும் அவனுக்கும் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம். நான் இருக்கிறவரை உன் மகளைக் களத்தில் இறங்க விடமாட்டேன். எவ்வளவு வெறுத்தாலும் சரி. வெறுத்து வெறுத்து அவள் கிழவியாகட்டும்.

யாழினி முகம் கொடுத்துப் பேசாத அத்தை,
உன் கூடப் பிறந்த கலா