துருக்கிச் சம்பந்திக்குத் தேநீர்

ராசம்மாளுக்கு,

இங்கு நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நம் மகன் பூபதியின் துருக்கி மாமியார் வந்தால் என்ன பேசுவதென்று பயந்தாயே. மருமகள் எழுதித் தந்த "எவ்தெ சாய் வார்" என்பதைப் பிரித்துப் பார்த்தேன். எவ் என்றால் வீடு, தெ என்றால் இல், சாய் தேநீர், வார் உண்டு. வீட்டில் தேநீர் உண்டு. நம் தமிழின் சொல்வரிசையேதான்!

நேற்று நான் கணக்கெழுதும் மறையூர் விடுதியில் தங்க வந்த ஒரு துருக்கி அம்மாவிடம் அதையே சொன்னேன். புரிந்து சிரித்தார். "சார், தமிழ் பேசவே கூச்சப்படுவீங்க, துருக்கி பேசுறீங்களே!" என்றார் சமையல்காரர். பெருமையாக இருந்தது.

அந்த அம்மா போதுமென்றதை உபசாரப் பேச்சென்று எண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தம்ளர்மேல் கரண்டியைக் குறுக்கே வைத்தார். அவர்களுக்கு அதுதான் போதும். சம்பந்தியம்மா அப்படி வைத்தால் நிறுத்திவிடு.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரிடம் என் கம்பளியைக் கொடுத்தனுப்பு. அவர் நம் கோபாலபுரத்துக்குக் கிளம்பிவிட்டார், அதனால் இத்துடன் முடிக்கிறேன். நான் வரும்போது கரண்டி வைக்கமாட்டேன், ஊற்றிக்கொண்டே இரு.

சென்னிமலை