பார்க்காமலே வாசித்த கடைசி வரி

சேட்டையில என் கூட்டாளியான அப்பாவுக்கு,

அங்கன இப்ப யாரை ஏமாத்திக்கிட்டு இருக்கீங்க? இங்கன உங்க கருப்புக் கண்ணாடியை நான் எடுத்துக்கிட்டேன். மூக்குல நிக்கவே மாட்டேங்கு. உங்க மூக்கை எனக்குக் கொடுக்காம போனது யார் தப்பு?

ஏழு வயசுல எனக்கு டைப் ஒன் சர்க்கரை வந்ததுல இருந்து, வருசா வருசம் கண் பரிசோதனைக்கு நீங்கதான கூட்டிட்டுப் போவீங்க. சொட்டு மருந்து விட்டா வெளிச்சம் கூசும்னு நான் கண்ணாடி மாட்டுவேன். துணைக்கு நீங்களும் ஒண்ணு மாட்டிக்கிடுவீங்க. டீக்கடை அண்ணாச்சி உங்களைத்தான் நோயாளின்னு நெனச்சு, கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி விட்டாரே, ஞாபகம் இருக்கா? நீங்களும் வாயைத் திறக்காம தாண்டிட்டு, பைய திரும்பி வந்தீங்க.

இந்த வருசம் அம்மா வந்தா. ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிடுவால்லா, அதே அம்மாதான். ஆழ்வார்திருநகரியில பஸ் ஏறுனதுல இருந்து என் சர்க்கரை நோட்டை மடியிலயே வச்சிருந்தா.

உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். அந்த நோட்டு பூராவும் கற்பனை. நீங்க சாமிகிட்டப் போன பிறகு விரல்ல குத்திப் பார்க்கவே பிடிக்கல. பார்த்தாலும் முந்நூறுக்கு மேல. அம்மா ஏற்கெனவே அழுதுக்கிட்டிருந்தா. அதான் நூத்திப் பத்து, நூத்தி இருபதுன்னு அழகழகா எழுதி வச்சேன். திருநெல்வேலிப் பிள்ளை அல்வா திங்கத்தான் அளவு பார்க்கணும்; கொடுக்கவுமா? ரெண்டு மாசமாக் கரும்பலகை மங்கலாத் தெரிஞ்சதையும் சொல்லல.

ஆஸ்பத்திரித் திரையில ஒவ்வொரு வரியா வரும். உள்ள போனவங்க கடைசி வரியைச் சத்தமா வாசிச்சதைக் கேட்டே, வெளி பெஞ்சுல உக்காந்து இங்கிலீஷ் எழுத்து அஞ்சையும் மனப்பாடம் பண்ணிட்டேன். தண்ணி குடிச்சுட்டு வந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு, கடைசி வரி வந்ததும் கடகடன்னு ஒப்பிச்சேன்.

பரிசோதனை பண்ணுத அக்கா சிரிக்கல. "திரையில இருக்கது தமிழ் எழுத்தும்மா."

நான் தண்ணி குடிக்கப் போன நேரத்துல, எனக்கு முன்னாடி போன ரெண்டாம் வகுப்புப் பாப்பாவுக்காக மாத்துனாங்களாம். எனக்கு ரெண்டு மொழியும் ஒரே கொசுக்கூட்டம்.

அப்புறம் கண்ணுக்குள்ள படம் எடுத்தாங்க. ஆரஞ்சு நிலா மாதிரி இருந்துச்சு, ஓரத்துல ரெண்டு சிவப்புப் புள்ளி. மங்கல், சர்க்கரை அடங்குனா சரியாகும்னாங்க டாக்டரம்மா. புள்ளி அப்படி இல்லையாம். இப்பவே தெரிஞ்சதால பயமில்ல, சர்க்கரையை இப்படியே விட்டா பார்வைக்கே ஆபத்து, ஆறு மாசத்துல திரும்பக் காட்டணும்னாங்க. அம்மா அவசரமா நோட்டை விரிச்சு நூத்திப் பத்தைக் காட்டுனா. டாக்டரம்மா மேசையில என் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூணு மாசச் சராசரி அதுல இருக்கும். அதுக்கு எப்படிப்பா அல்வா கொடுக்க? நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அம்மா அழுவான்னு நெனச்சேன். நோட்டை மூடுனா.

"ஏட்டி, நான் அழுதா துண்டு எடுத்துக் குடு. பொய் எழுதிக் குடுக்காத."

வெளிய வந்து உங்க கண்ணாடியை மாட்டிட்டுத் திரும்புனா, அம்மாவும் ஒரு கருப்புக் கண்ணாடியோட நிக்கா. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கல. உங்க வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லியிருப்பீங்களோ? டீக்கடை அண்ணாச்சி ஓடி வந்து அவ கையைப் பிடிச்சாரு. நான் வாயைத் திறக்கல.

இன்னைக்குக் காலையில குத்திப் பார்த்தேன். இருநூத்தி அறுபத்தி நாலு. அப்படியே எழுதி, டாக்டரம்மா சொன்ன அளவு ஊசியும் போட்டுக்கிட்டேன். அம்மா முகத்தைத் திருப்பாம பார்த்தா. அப்புறம் நோட்டையும் பார்த்தா.

துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

இனிமே சேட்டை உண்டு, நோட்டுல மட்டும் கிடையாது. ஆறு மாசம் கழிச்சு, திரையில எந்த எழுத்து வந்தாலும் கண்ணால பார்த்தே வாசிப்பேன். இது சத்தியம்ப்பா.

உங்க மூக்கு மட்டும் வாய்க்காத மக,
கோமதி