நகர்ந்த கோட்டை

6-3-1988, ஞாயிறு
வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வழக்கம்போல் மதியம் பிரிக்பீல்ட்ஸில் என் ப்ளாட்டில் கதை ஆட்டம். கதையில் மெய்யம்மையும் ஜெயராஜும் கள்ள உப்பு கடத்துகிறவர்கள். என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதனால் என்ன நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். சந்தேகமானால் பகடை. மற்றபடி அரசன் முதல் ஆட்டுக்குட்டி வரை எல்லாம் நான்தான்.

உப்பு மூட்டைகளைப் படகுக்காரி நல்லம்மாளிடம் ஒளித்துவைக்கக் கொடுத்து, "பௌர்ணமிக்குள்ள வந்து எடுத்துக்கறேன்" என்று ஜெயராஜ் வாக்குக் கொடுத்தான். பிறகு சுங்கக் கோட்டையில் மாட்டாமல் போவது மலைவழியா, கடல்வழியா என்று இருவரும் வெகுநேரம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் மலைவழி. ஏறிப் போனால் உச்சியில் கோட்டை.

டீ குடிக்கும்போது ஜெயராஜ் கேட்டான், "கடல்வழியா போயிருந்தா?"

"அங்கயும் அதே கோட்டைதான் லா. உக்காந்து உக்காந்து வரைஞ்சேன், விட்டுடுவேனா?"

பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன். அவன் ஜெஞ்சாரோமிலிருந்து செலாயாங் பாசார் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். "வாரம் பூரா முதலாளி சொன்ன ரோடு. ஞாயித்துக்கெழமையாச்சும் நானா ஒரு வழி எடுக்கறேன்னு நெனச்சேன். அதுவும் பொய்யா?" டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

7-3, திங்கள்
போனால் போகட்டும். உழைத்தது நான்தானே?

8-3, செவ்வாய்
உழைத்தது நான். சரி. வழி யாருடையது?

13-3, ஞாயிறு
ஜெயராஜ் வரவில்லை. மெய்யம்மைக்கு முழுச் சுதந்திரம் கொடுத்துப் பார்த்தேன். எங்கே வேண்டுமானாலும் போ தாயே, நான் குறுக்கே வரவில்லை. ஊர் ஊராகச் சுற்றினாள், சந்தைகளில் பேரம் பேசினாள், கதையில் பௌர்ணமியும் வந்து போயிற்று. பிறகு கொட்டாவி விட்டாள்.

"என்னடி இந்திரா, நான் போய் நின்னாத்தான் எல்லாருக்கும் உயிரே வருது. பொம்மைக் கடை மாதிரி இருக்கு."

சுருக்கென்றது. இழுத்துப் பிடித்தாலும் குற்றம், விட்டாலும் குற்றமா?

16-3, புதன்
நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் இன்று கூட்டமில்லை. திடீரென்று ஒரு நினைப்பு: நல்லம்மாள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? பௌர்ணமி போய்விட்டது. மூட்டைகள் இன்னும் அவள் வீட்டில். சுங்கக்காரன் என்ன, கண்ணை மூடிக்கொண்டா இருப்பான்?

இனி கோட்டையை நகர்த்தமாட்டேன். மலையுச்சியில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். உள்ளே இருப்பவர்கள் நடமாடட்டும். கடல்வழிக்கும் அதற்கென்று வேறொன்றை யோசித்து வைத்தேன்.

20-3, ஞாயிறு
நல்லம்மாளைக் கோட்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சந்தையில் அந்தச் செய்தி காதில் விழுந்ததும் மெய்யம்மை எழுந்தே நின்றுவிட்டாள். "அடிப்பாவி!" என்னைத்தான். ஜெயராஜிடம் போய்ச் சொல்வாளாம். சொல்லட்டும்.

வருவானா? வரவேண்டும். இந்த ஆட்டமும் கலைந்துவிட்டால் எனக்கு ஞாயிறு என்று என்ன இருக்கிறது?

27-3, ஞாயிறு
வரவில்லை.

3-4, ஞாயிறு
வந்தான். மெய்யம்மைக்கு எதிரிலேயே, செருப்பைக் கழற்றும் முன்பே சண்டை.

"நான் இல்லாதப்ப எப்படி அந்தம்மாவப் புடிக்கலாம்?"

"நீ வரல. சுங்கக்காரன் வந்தான்."

செருப்பைக் கழற்றினான். "வாக்குக் குடுத்தது நான்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான்.

சிறையை உடைப்பான் என்று நினைத்துக் காவலர்கள், சாவிக்கொத்து எல்லாம் தயார் செய்திருந்தேன். அவனோ நேராகக் கோட்டை வாசலுக்குப் போனான். "உப்பு என்னுது. அவங்கள விடுங்க, என்னைய வச்சுக்குங்க."

இதற்கு நான் எதையும் தயார் செய்திருக்கவில்லை. எப்போதும் பிஸ்கட் டின் மூடிக்குப் பின்னால்தான் பகடை உருட்டுவேன். இன்று பாயின் நடுவில், மூவரும் பார்க்க உருட்டினேன். நல்லம்மாளுக்கு விடுதலை. அவனுக்குப் பகடையில் விழுந்தது வெறும் ஒன்று. தூக்கு. வருடக்கணக்காக அவன் ஆடி வளர்த்த ஆள். மாற்றிச் சொல்ல நாக்குத் துடித்தது, சொல்லவில்லை. அழுதது நான்தான், அவன் இல்லை.

"அடுத்தது நல்லம்மா படகுல துடுப்புப் போடற ஆளா வரேன்" என்றான். பிறகு, "ஆமா, அந்தக் கடல்வழில..."

நான் வாயைத் திறந்தேன்.

"வேணாம், சொல்லாத. இப்ப அங்க வேற என்னமோ இருக்குல்ல?"

"இருக்கு."

"அது போதும் லா."

டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனான்.