ராஜாவுக்குப் பெயர் இல்லை

அன்புள்ள மகளுக்கு, அப்பா தன் சொந்தக் கையால் எழுதுவது.

கவரின் மேல் இருக்கும் எழுத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது என்று நினைத்திருப்பாய். இல்லையம்மா, நான்தான். விலாசம்கூட நானே எழுதியது. இதற்கு முன் உனக்கு வந்த கடிதங்களெல்லாம் நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதியவை. அவர் அவசரக்காரர். நான் பத்து வார்த்தை சொன்னால் இரண்டை எழுதி ஒட்டிவிடுவார். இனி நான் சொல்வதெல்லாம் அப்படியே உனக்கு வந்து சேரும். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்திகள் இருவரும் சுகமாயிருக்க வேண்டும் என்று ஜெபிக்காத நாள் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாய் குறையவில்லை. இப்போதும் எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே, "நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள பேத்திங்க ரெண்டும் படிச்சு, உங்களுக்கே பதில் போட்டுரும்" என்கிறாள். சிரிக்காதே, எழுத்து கோணுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

எழுதப் படிக்கிற வகுப்பு ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஹாலில் நடக்கிறது, சாயங்காலம். சொல்லிக்கொடுப்பவர் ரிட்டயரான கணக்கு டீச்சர். எழுத்தையும் கணக்கு மாதிரியே திருத்துகிறார், பாதி சரி என்ற பேச்சே கிடையாது. என் பக்கத்தில் கறிக்கடைக்காரர் உட்காருகிறார், பின்னால் பாங்க் வாட்ச்மேன். மூன்று பேரில் நான்தான் மூத்தவன். முந்தியவனும் நான்தான் என்று டீச்சரே சொன்னார். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

வாசிக்க வந்ததும் முதல் வேலையாக நம் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா ஆயாவாக இருந்த பிரசவ வார்டுக்கு நான் ஓட்டிய லிஃப்ட் இன்னும் ஓடுகிறது. அதற்குள்ளே ஒரு பித்தளைத் தகடு உண்டே, ஞாபகமிருக்கிறதா? வேலையில் இருந்த காலமெல்லாம் அதைத் தினமும் துடைத்து வைத்தேன். ஆஸ்பத்திரி கட்ட இடம் கொடுத்த பெரிய மனிதரின் பெயர் என்று நினைத்திருந்தேன். ஆசையோடு போய் வாசித்தால், எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று எழுதியிருக்கிறது! எண்ணாகப் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், எனக்கு எண் தெரியும். எழுத்தில் எழுதிவிட்டார்கள். நான் எத்தனையோ நாள் பன்னிரண்டு பேரை அடைத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆண்டவர்தான் கயிற்றைப் பிடித்திருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினாய். பேசும்போது உன் பின்னால் ஆட்கள் நிற்பது எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், பெயரை எழுதித் தரச் சொல்கிறார்கள் என்றாய். என்ன பெயர் என்று கேட்டேன். "ஏதாவது ரெண்டு பேர் வெச்சா போச்சுப்பா" என்றாய். அத்தோடு விடவில்லை. உன் மாமியார் ஆண்பிள்ளைக்கென்று தன் வீட்டுக்காரரின் பெயரை எடுத்து வைத்திருந்ததாகவும், அது வீணாகப் போனதாகவும் சொன்னாய். என்னவோ நீ ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டு உடைத்துவிட்டது போல, "ரெண்டுமே பொண்ணாப் போச்சுப்பா" என்றாய்.

அன்றைக்கு அம்மா தட்டில் போட்டதைச் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "உங்களுக்குத்தான் இப்ப வாசிக்கத் தெரியுமே, பேரைத் தேடுங்க" என்றாள்.

தேடினேன். வகுப்பிலும் கேட்டு வைத்தேன். கறிக்கடைக்காரர் எடுத்த எடுப்பில் மார்த்தாள், மரியாள் என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை வாசித்தேன். ஒருத்தி அடுப்படியில் வேலை செய்து பேச்சு வாங்குகிறாள், மற்றவள் உட்கார்ந்து நல்ல பெயர் வாங்குகிறாள். ஒரே நாளில் பிறந்த பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வம்பு? வாட்ச்மேன் லேயாள், ராகேல் என்றார். அந்தக் கதை அதைவிட மோசம். அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே புருஷன்; ஒருத்தியை ஆசைப்பட்டுக் கட்டினார், மற்றவளை ஏமாந்து கட்டினார். டீச்சர் ரூத், நகோமி என்றார். அழகான பெயர்கள்தான், ஆனால் அவர்கள் மருமகளும் மாமியாரும். உன் மாமியார் எது யார் என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்?

எனக்கு வேண்டியது இரண்டு பெண்கள். ஒருத்திக்கு ஒருத்தி மேல் கீழ் இல்லாமல், தோளோடு தோள் சேர்ந்து நிற்கிற இரண்டு பெண்கள். யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று வேதத்தை முதல் பக்கத்திலிருந்து பிடித்தேன். விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனேன். முதல் புத்தகம் நீளமானது. வம்சவரலாறு வரும்போதெல்லாம் தூக்கம் வந்தது. இரண்டாம் புத்தகத்துக்குள் நுழைந்த உடனே, வாசலிலேயே அவர்கள் நின்றார்கள்.

இரண்டு மருத்துவச்சிகள். சிப்பிராள், பூவாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து உரக்க வாசித்தேன். அவளுக்கு நான் வாசித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. எகிப்து தேசத்து ராஜா அந்த இரண்டு பேரையும் அழைத்து, எபிரெயப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும்போது ஆண்பிள்ளையாக இருந்தால் கொன்றுவிடுங்கள், பெண்ணாக இருந்தால் விட்டுவிடுங்கள் என்கிறான். அவர்கள் கேட்கவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் பிழைக்க வைத்தார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ராஜா கேட்டதற்கு, அந்தப் பெண்கள் பலசாலிகள் ஐயா, நாங்கள் போய்ச் சேருவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று சொல்லித் தப்பித்தார்கள்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "கெட்டிக்காரிங்க! பெரிய டாக்டரம்மா சத்தம் போடறப்பல்லாம் நானும் இதைத்தானே சொல்லுவேன்! நான் கையக் கழுவிட்டு வர்றதுக்குள்ள பொறந்துடுச்சும்மான்னு!" என்றாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பேரை இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். "ராஜா பேரு என்ன?" என்று கேட்டாள்.

தேடினேன். இல்லை. எகிப்தின் ராஜா என்று இருக்கிறது, பார்வோன் என்று இருக்கிறது. அது பட்டம்தான், நம் ஆஸ்பத்திரியில் சூப்பரிண்டெண்ட் என்கிற மாதிரி என்று பிறகு போதகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் பெற்றோர் அவனுக்கு வைத்த பெயர் அங்கே இல்லை. அவ்வளவு பெரிய ராஜாவை ராஜா என்று மட்டும் எழுதிவிட்டு, மருத்துவச்சிகள் இரண்டு பேருக்கும் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உன் அம்மாவை அந்த வார்டில் ஒரு நாளும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உனக்கே தெரியும். ஆயா இங்கே வா, ஆயா தண்ணி கொண்டா. எத்தனை பிள்ளைகள் அவள் கையில் வந்து விழுந்தன! அந்த இரண்டு பெயரையும் அவள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன், மகளே. அந்த ராஜா பயந்தது ஆண்பிள்ளைகளுக்குத்தான். பெண் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டான். அவனை முதலில் கவிழ்த்தவர்கள் இந்த இரண்டு பெண்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அவன் கொல்லச் சொன்ன ஒரு ஆண்பிள்ளையைக் காப்பாற்றுவது ஒரு தாய், ஒரு அக்காள், கடைசியில் அந்த ராஜா பெற்ற மகளே.

போதகரிடம் பெயர்களைச் சொன்னேன். "இந்தப் பேரை இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேட்டதில்ல பெரியவரே. தாராளமா வைக்கலாம்" என்றார். கறிக்கடைக்காரர் மட்டும், "பூவாளா? பூக்காரின்னு கூப்பிடுவாங்க பாருங்க" என்று கிண்டல் செய்தார். "கூப்பிடட்டும். கூப்பிடுறவங்களை உக்காரவெச்சு எம் பேத்தி அந்தக் கதையச் சொல்லுவா" என்றேன். டீச்சர் இரண்டு பெயரையும் போர்டில் பெரிதாக எழுதி எல்லோரையும் வாசிக்கச் சொன்னார். ஒரு ஹால் முழுக்க என் பேத்திகளின் பெயர் கேட்டது.

முதலில் பிறந்தவள் சிப்பிராள், அடுத்தவள் பூவாள். வீட்டில் கூப்பிட நீயும் மாப்பிள்ளையும் எந்தச் செல்லப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயர்கள் பிடிக்கவில்லை என்றால் வேறு வையுங்கள், எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கும், போய்விடும். ஆனால் ஏதாவது இரண்டு பெயர் என்று மட்டும் சொல்லாதே.

மாப்பிள்ளையைப் பற்றி எனக்குக் குறையில்லை. அவர் அனுப்பிய போட்டோவில் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள். கேமராவைப் பார்க்கவே இல்லை, எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார். அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார், தன் அம்மா எதிரில் அதைக் காட்டத் தெரியவில்லை. சம்பந்தியம்மாவையும் குறை சொல்லாதே. லிஃப்டில் நான் பார்க்காத மாமியாரா?

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பெண் பிறந்துவிட்டால் சில பேர் லிஃப்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்குவார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மாவும் கூட வருவாள். எனக்கு ஒரு கண்ஜாடை காட்டுவாள். நான் இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டை நிறுத்திவிடுவேன். என்னப்பா ஆச்சு என்று கேட்பார்கள். ரிப்பேர் என்பேன். அம்மா பிள்ளையின் முகத்துத் துணியை விலக்கி, "சும்மா நிக்கிற நேரத்துல இவளையாவது பாருங்களேன்" என்பாள். வேறு பார்க்க என்ன இருக்கிறது அங்கே, என்னையும் அந்தத் தகட்டையும் தவிர? பார்ப்பார்கள். யாராவது ஒருவர் சிரித்த பிறகுதான் ரிப்பேர் சரியாகும். ஒரு தடவைகூடச் சரியாகாமல் போனதில்லை. கடைசியில் பிள்ளையை முதலில் கை நீட்டி வாங்குகிறவர், பெரும்பாலும் அந்த மாமியாராகத்தான் இருப்பார்.

நீ இருக்கிற இடத்துக்கு என்னால் லிஃப்டைக் கொண்டுவர முடியாது. அதனால் இதை நீதான் செய்யவேண்டும். ஆலயத்தில் போதகர் பிள்ளையின் பெயரைக் கேட்பார். அங்கே எல்லோரும் சும்மாதான் நிற்பார்கள். நீ அவசரப்படாதே. இருவரின் முகத்திலிருந்தும் துணியை விலக்கு. சம்பந்தியம்மா பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் பிடி. பிறகு பெயரைச் சொல். மாப்பிள்ளையின் காதில் அல்ல, போதகருக்கு மட்டும் கேட்கும்படியும் அல்ல. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி, என் மகளே, தலையை நிமிர்த்திச் சொல்.

ஆண்டவர் என் மூன்று பெண்பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

இதைத் தானே எழுதி, தானே கையெழுத்துப் போடும்,
உன் அப்பா.

அம்மா இங்கே ஒரு வரி எழுதச் சொல்கிறாள்: "நீ பொறந்தன்னிக்கு உங்க அப்பா லிஃப்டை நிறுத்தவே இல்ல. அவர் சிரிச்ச சிரிப்புல அதுக்கு அவசியமே வரல."