ஆறு பக்க விண்ணப்பத்தில் ஒரு டோனட்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்கு இருப்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் உனக்கு லிஃப்ட் வந்துவிடுகிறது, காகிதத்துக்கு லிஃப்ட் வராது. அப்பாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடிப்படி விளக்கைத் தானே மாற்றுகிறேன் என்று மாற்றினார், அன்றிலிருந்து அது பகலில் எரிகிறது. சமையலறைக் குழாய் ஒழுகுவதும் நிற்கவில்லை. இதெல்லாம் இருக்கட்டும். போன புதன்கிழமை நீ உன் மாமனாருக்கு ஒரு போன் செய்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன்மேல் எனக்குக் கோபம். என்ன கோபம் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரொட்டிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டோனட் பொரித்த என்னை வயசாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கென்று ஒரு கடை வேண்டும் என்றேன். சம்பந்தி தன் வீட்டின் தெருப்பக்க அறையைத் தருவதாகச் சொன்னார். மருமகளின் அம்மா போன பிறகு அந்த அறை பூட்டியே கிடந்தது. அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் வந்து இறங்கிவிட்டன. ஆனால் உரிமம் வராவிட்டால், மாதம் பிறந்ததும் அந்த அறையை மருந்துக் கடைக்காரருக்குத் தருவதாக அவர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆள் இல்லை அவர், அதில் என்னைப் போல. உரிம அலுவலகத்தின் விண்ணப்பம் ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கடையின் பெயரை எழுத வேண்டும். முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன், என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும், நான் எழுதுகிறேன் என்றார் அவர். கடை என்னுடையது, நான்தான் எழுதுவேன் என்றேன் நான். கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் என்று முடிவாயிற்று. அடுத்தவர் பக்கத்தைச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று இருவருமே பார்க்கவில்லை. அலுவலகத்தில் இருந்த அம்மாள் ஆறு பக்கத்தையும் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு புரட்டினார். "இது ஒரு கடையா, ரெண்டு கடையா?" என்று கேட்டார். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். என் மூன்று பக்கத்திலும் ‘சூடான டோனட் கடை’. அவருடைய மூன்று பக்கத்திலும் ‘சூடான டோநட் கடை’. எது வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரே பெயராக எழுதி, கடைக்காரரும் இடத்துக்காரரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க மூன்று மாதம் ஆகும் என்றார். அன்று திங்கள்கிழமை.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. ந என்கிற எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், நடுவில் வந்தால் த-வுக்கு முன்னால்தான் வரும், பந்து, சந்தை, வேறு எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது உனக்குத் தெரியும். மாவு மூட்டையில் அச்சடித்திருந்தது, மிஷினில் ஒட்டியிருந்த எச்சரிக்கை, தட்டுக்கு அடியில் விரித்த பழைய பேப்பர், இதையெல்லாம் படித்துப் படித்து நானாகக் கண்டுபிடித்தது. சம்பந்தி சீட்டை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "அப்போ வெந்நீர்? முந்நூறு? அதுல இருக்கிற ந எங்கேருந்து வந்துச்சு, சம்பந்தியம்மா?" என்றார். நீர், நூறு என்கிற சொற்கள் தங்கள் எழுத்தோடு வந்து ஒட்டிக்கொண்டன, அதே மாதிரி டோ என்றால் மாவு, நட் என்றால் கொட்டை, இரண்டும் ஒட்டிய சொல் இது, அதனால் ந-தான் என்றார். இதில் கொட்டை எங்கே இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லையே என்றேன். கண்டக்டர் வந்து இருவரையும் உட்காரச் சொன்னார். சம்பந்தி என்னுடையதை மூன்றாம் வகுப்பு இலக்கணம் என்று சொன்னது உண்மை. நான் அவருடையதைச் சாக்பீஸ் தின்ற இலக்கணம் என்று சொன்னதும் உண்மை. இது இரண்டும் உங்கள் காதுக்கு வந்திருக்கும், சொன்னது உன் அப்பாவாகத்தான் இருக்கும். எப்படி எழுதினாலும் வட்டமாகத்தானே இருக்கப்போகிறது என்று கேட்ட மனுஷர் அவர். பேசாமல் வேறு பெயர் வையேன் என்றும் சொன்னார். பயந்துபோய்ப் பெயரை மாற்ற நான் என்ன திருட்டுச் சாமானா விற்கப்போகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊரில் மற்றவர்கள் எப்படித்தான் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நாளில் முப்பத்தேழு பேரை எழுதச் சொல்லிக் கேட்டேன், ஏழு விதமாக எழுதினார்கள் என்றால் நம்புவாயா? டோனட்டு, டோனெட், டோனாட் எல்லாம் இருக்கிறது. ரொட்டி வேன் ஓட்டுகிறவர் மூன்று சுழி ண போட்டு எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு, நல்ல ருசியான சாமானாச்சே, சின்ன எழுத்துப் போட மனசு வரவில்லை என்றார். மருந்துக் கடைக்காரர் எழுதியதை என்னால் படிக்க முடியவில்லை. இது எந்த எழுத்து என்று அவரிடமே காட்டிக் கேட்டேன், அவராலும் முடியவில்லை. அடுத்த தெரு பேக்கரியில் கண்ணாடியில் ஒரு விதம், அட்டைப்பெட்டியில் வேறு விதம். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷர் வெளியே வந்து, தன் கடைக் கண்ணாடியை அப்போதுதான் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். நூலகத்தில் இருந்த பெண் இரண்டு தடி அகராதிகளை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியொரு சொல்லே இல்லை என்றாள். இல்லாத சொல்லையா இருபத்திரண்டு வருஷம் பொரித்தேன் என்று கேட்டேன், பாவம், அவளே மூன்றாவது அகராதியைத் தேடப் போனாள். ஒன்று கவனித்தேன். எழுதுவதற்கு முன்னால் எல்லோரும் ஒருதடவை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார்கள். அப்படியானால் வாய்க்குத் தெரியுமோ என்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, ந சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறது, ன சொல்லும்போது எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா பல்வலியா என்று கேட்டார். ந சொன்னால் நாக்கு பல்லைத் தொடுகிறது, ன சொன்னால் அதற்கு மேலே. டோனட் என்று சாதாரணமாகச் சொல்லும்போது மேலேதான் போகிறது. நீயும் சொல்லிப் பார், ஆனால் பார்க்கிறோம் என்று நினைத்துச் சொல்லாதே, நினைத்தால் நாக்கு பொய் சொல்லும்.

புதன்கிழமை மாலை இதையெல்லாம் சம்பந்தியிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் என் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் படித்து, ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதினார். நாக்கு விஷயத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் மறுப்பு எழுதிக் கொடுத்தார். மேஜையில் தட்டித் தட்டிப் பேசினார். நானும் தட்டினேன். வீட்டுக்கு வரும்போது என் காது சூடாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நடை இலேசாகவும் இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. கடை அறையில் மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, பொங்குவதற்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி வந்தார். செருப்பை மெதுவாகக் கழற்றினார். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வந்தவர்போல் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி தூக்கம் வந்ததா என்று விசாரித்தார். நான் போட்ட டீயை நன்றாக இருக்கிறது என்றார், சம்பந்தியான இந்த ஆறு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. பிறகு பையிலிருந்து புது விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். ஆறு பக்கத்திலும் அவர் கையெழுத்தில் டோனட், ன போட்டு. யோசித்துப் பார்த்தேன், நீங்கள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது என்றார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்று மாலை மேஜையைத் தட்டியவருக்கு இன்று காலையில் எப்படிச் சரியாகப் படும்? எந்த இடத்தில் சரியாகப் பட்டது, வெந்நீருக்கு என்ன பதில் என்று கேட்டேன். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, அதெல்லாம் எதற்கு என்றார். விடாமல் கேட்டேன். கடைசியில் சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை போன் பண்ணினார். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கு, படிக்காதவங்க, ஒரு எழுத்துதானே, விட்டுக் கொடுத்துடுங்க மாமான்னு கேட்டுக்கிட்டார்" என்றார்.

நீ நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாய். ஆனால் ஒன்று கேள். கம்பெனியில் ஒருநாள், மாவு மூட்டையில் முடியும் தேதி ஆரம்பத் தேதிக்கு முன்னால் இருக்கிறது, அச்சில் ஏதோ கோளாறு என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். சரிம்மா என்றார். மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெயை மாற்ற வேண்டும் என்றால் சரிம்மா. அட்டவணையில் ஒரே ஆளுக்கு இரண்டு ஷிஃப்ட் விழுந்திருக்கிறது என்றால் சரிம்மா. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட நீ சொல்வது தப்பு என்று என்னிடம் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் காதில் வாங்கியதே இல்லை. நான் சொன்னதைக் கேட்டு, அதற்குப் புத்தகம் தேடி, கோபப்பட்டு, ஒன்றரைப் பக்கம் மறுப்பு எழுதிய முதல் ஆள் உன் மாமனார்தான். அவரையும் நீ சரிம்மா சொல்ல வைத்துவிட்டாய்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளைக்குக் கடைசி நாள் என்றார். தெரியும் என்றேன். கடை போய்விடும் என்றார். அதுவும் தெரியும் என்றேன். என்னதான் வேண்டும் உங்களுக்கு என்று அவர் கேட்டபோது, "நான் சொல்றது தப்புன்னு நினைச்சா, தப்புன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க சம்பந்தி" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். "தப்புதான். முழுத் தப்பு. டீயும் நல்லா இல்ல" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அப்புறம் சாயங்காலம் நாலு மணிவரை பேசினோம். மாவு பொங்கி, விளிம்பு தாண்டி, அமுங்கியும் போனது, கவனிக்கவில்லை. நான் கடைசியாகக் கேட்டது இதுதான். வெந்நீரில் நீர் இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த எழுத்து நிற்கிறது. இதில் கொட்டை என்று ஒரு சொல் இருப்பது இங்கே யாருக்குத் தெரியும்? வாங்க வருகிறவரிடம் நட் என்றால் என்ன என்று கேட்டால் போல்ட்டோடு சேர்ந்தது என்றுதான் சொல்வார். யாருக்கும் தெரியாத சொல்லுக்காக எழுத்து எப்படிக் காத்திருக்கும்? சம்பந்தி அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார். இதற்குப் பதில் இருக்கிறது, காலையில் கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்தார், தலைகூட வாரவில்லை, இரண்டு கையிலும் புத்தகம். "பதில் கிடைக்கல. கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. கிடைச்ச அன்னிக்குப் போர்டை மாத்தணும், சம்மதமா?" என்றார். பதில் பதிலாக இருந்தால் நானே ஏணி வைத்து மாற்றுகிறேன் என்றேன். முதல்நாள் நான் திருப்பிக் கொடுத்த அதே ஆறு பக்கத்தில், அதே எழுத்துக்குக் கீழே, இருவரும் கையெழுத்துப் போட்டோம். உன் அப்பாவுக்கு இது புரியவே இல்லை, நேற்றும் இதே காகிதம்தானே என்று இன்றுவரை கேட்கிறார். அலுவலக அம்மாள் பெயரைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். கடை திறந்து நான்கு நாள் ஆகிறது. சம்பந்தி தினமும் மத்தியானம் மூலை மேஜையில் புத்தகத்தோடு உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறார். வருகிறவர்களையும் விடுவதில்லை.

இனி உன் விஷயம். பள்ளிக்கூடம் போகிற வயசில் சட்டைப் பொத்தானுக்குக்கூட என்னோடு சண்டை போடுவாய். வேலைக்குப் போனதிலிருந்து நான் எது சொன்னாலும் சரிம்மா. அங்கே குளிர் அதிகமா என்றால் சரிம்மா, எப்போது வருவாய் என்று கேட்டாலும் சரிம்மா. எனக்குப் பிரஷர் இருப்பது உண்மைதான், படிக்காதவள் என்பதும் உண்மை. ஆனால் எனக்காக இனி யாரிடமும் விட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்காதே. நீயும் எனக்கு விட்டுக் கொடுக்காதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் போடும்போது, உன் மனசுக்கு எது சரி, ன-வா, ந-வா, ஏன் என்று எழுது. இரண்டும் சரி என்று எழுதினால் பிரித்த கையோடு திருப்பி அனுப்புவேன். நான் சொல்வது தப்பு என்று தோன்றினால், அம்மா, நீ சொல்வது தப்பு என்று முதல் வரியிலேயே எழுது. எழுதி, காரணத்தையும் எழுது. நான் உட்கார்ந்து படிப்பேன்.

நீயும் மருமகளும் நீண்ட ஆயுளோடும் குறையில்லாத உடம்போடும் எப்போதும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னார். மருமகள் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், போன தடவை அனுப்பிய வாழ்த்து அட்டையில் அவள் எழுத்து சாய்ந்து போயிருந்தது. இதற்கு மட்டும் இருவரும் சரிம்மா சொல்லலாம்.

உன் பதிலை எதிர்பார்த்து,
அம்மா